சல்லடையில் விழுந்த குறுநாவல்

"தாங்கள் பரிந்துரைத்த நூல் சல்லடையில் விழுந்தது. ஆகவே பரிசீலனைக்கு ஏற்கப்படவில்லை."

அஞ்சலட்டையில் இருந்தது இவ்வளவுதான். கீழே ஒரு ரப்பர் முத்திரை: அறிவியல் புனைவு தர நிர்ணயக் குழு, போடி. ராக்கையா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் அவருடைய விலாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

ராக்கையா பழனிசெட்டிபட்டியில் மோட்டார் காயில் கட்டுகிறவர். கருகிய மோட்டாரைத் திறந்து மோந்து பார்த்தே, ஒரு பேஸ் கரண்ட் போய் ஓடியதா, உள்ளே தண்ணீர் இறங்கியதா, லோடு தாங்காமல் போனதா என்று சொல்லிவிடுவார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் காரணம் கண்டுபிடிக்காமல் திருப்பி அனுப்பிய மோட்டார்கள் இரண்டே இரண்டு. அப்பேர்ப்பட்டவருக்கு இந்த ஒரு வாக்கியம் பிடிபடவில்லை. சல்லடை என்பது விமர்சகர்கள் புழங்கும் சொல்லாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். காலத்தின் சல்லடை, ரசனையின் சல்லடை என்றெல்லாம் முன்னுரைகளில் எழுதுவார்கள். அப்படியானால் இது எந்தச் சல்லடை? அந்தக் குறுநாவலை மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்தார். விழுகிற இடம் எதுவும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மனைவி அன்னத்தாயிடம் அட்டையை நீட்டினார். அன்னத்தாய் போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். பஸ்ஸைவிட்டு இறங்கி, அப்போதுதான் முகம் கழுவியிருந்தாள்.

"இதுல என்ன புரியல?" என்றாள். "சல்லடையில விழுந்துருச்சாம். எட்டுக்குக் கீழ போல."

"எது எட்டுக்குக் கீழ?"

"சைசுதேன். எட்டு மில்லி சல்லடையில நின்னா முதல் ரகம். விழுந்தா ரெண்டாவது. நாங்க அப்படித்தேன பிரிக்கிறோம்?"

"அன்னம், இது காய் இல்ல. புத்தகம்."

"அனுப்புனது யாரு, ஏலக்காய் யாவாரிகதேன? அவுகளுக்குச் சல்லடைன்னா சல்லடைதேன். நீங்கதேன் அதுல அர்த்தம் தேடிக்கிட்டுத் திரியிறீக."

இந்தக் குழுவைப் பற்றி இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். மேற்குமலை ஏலக்காய் வணிகர் சங்கம் மூன்று வருஷத்துக்கு முன்னால் இலக்கியத்துக்கு ஏதாவது செய்வது என்று தீர்மானித்தது. கவிதைக்கு ஏற்கனவே வேறு ஊர்க்காரர்கள் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிறுகதைக்கும் கொடுத்தார்கள். யாரும் தொடாமல் மிச்சமிருந்தது அறிவியல் புனைவு. அதை எடுத்துக்கொண்டார்கள். பரிசுக்கு விதிகள் வேண்டுமே. அவர்களிடம் இருந்ததோ ஒரே ஒரு விதிப்புத்தகம், சரக்குத் தரம் பிரிக்கும் விதிப்புத்தகம். அதில் 'காய்' என்று வருமிடத்திலெல்லாம் 'நூல்' என்று மாற்றி அச்சடித்துவிட்டார்கள். "நூல்கள் நன்கு உலர்ந்தவையாகவும், வெடிப்பற்றவையாகவும், பச்சை நிறம் மாறாதவையாகவும் இருத்தல் வேண்டும்" என்று தொடங்குகிறது முதல் விதி.

விதிகளில் இன்னொன்றும் இருந்தது. குழுவில் படிக்கும் பழக்கம் உள்ளவர் ஒருவர் இருக்க வேண்டும். இதை யார் சேர்த்தார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. மூன்று வருஷமாக அந்த இடம் காலியாகவே கிடந்தது. இந்த வருஷம் பழனிசெட்டிபட்டி நூலகத்தில் விசாரித்தபோது, வாசகர் கருத்துப் பதிவேட்டைக் காட்டியிருக்கிறார்கள். அதில் மற்றவர்கள் எழுதியது "மின்விசிறி சத்தம் போடுகிறது", "பேப்பர் பத்து மணிக்குத்தான் வருகிறது" போன்றவை. நடுநடுவே ராக்கையாவின் உருண்டைக் கையெழுத்து வந்துகொண்டே இருந்தது.

"பேரண்டப் படைத்தலைவன், மூன்றாம் பாகம், 704 பக்கம். 212ஆம் பக்கத்தில் கப்பலில் காற்று கசிகிறது என்கிறார்கள். 223ஆம் பக்கம் வரைக்கும் தலைவன் வீரர்களிடம் பேசுகிறான். பேசுவதற்கும் காற்று வேண்டும். யாராவது ஓட்டையை அடைத்துவிட்டுப் பேசச் சொல்லியிருக்கலாம்."

"நேற்றைக்குப் போகும் பஸ். டிரைவர் பாத்திரம் அருமை. ஆனால் நாயகன் நேற்றுக் காலைக்குப் போய்த் தன் வீட்டைத் திறக்கிறான். அவன் கையில் இருப்பது புதுப் பூட்டின் சாவி. பூட்டை மாற்றியதே நேற்று மாலையில்தான்."

"செவ்வாய்த் தொழிற்பேட்டை. ரோபோக்களின் வேலைநிறுத்தம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அவை ஏன் டீக்கடை முன்னால் கூடுகின்றன?"

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் குழுவிலிருந்து கடிதம் வந்தது. "தாங்கள் படிப்பவர் என அறிகிறோம். அது ஒரு குறையாகக் கருதப்படாது" என்று அதில் எழுதியிருந்தது. ராக்கையா சந்தோஷத்தோடு சம்மதித்தார். முதல் வேலையாக ஒரு குறுநாவலைப் பரிந்துரைத்தார். பெயர் 'முறை மேகம்'. 128 பக்கம். எழுதியவர் மகிமா. ராயப்பன்பட்டிப் பெண், உத்தமபாளையத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீசியன். இது அவளுடைய முதல் புத்தகம். ராக்கையா அவளைப் பார்த்ததில்லை.

அஞ்சலட்டை வந்த நாலாம் நாள் பார்த்துவிட்டார். பட்டறை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"ராக்கையா அண்ணன் நீங்கதான? என் புக்கைக் குழுவுக்கு அனுப்புனது நீங்கதானாமே. பப்ளிஷர் சொன்னாக."

"ஆமாம்மா. உக்காரு. அந்த ஸ்டூல்ல வேணாம், அதுல வார்னிஷ்."

அவள் நின்றபடியே சொன்னாள். மதுரைப் பதிப்பாளர் முந்நூறு பிரதி அடித்தார். இருபது விற்றது. இருபதில் பதினொன்றை அவளே வாங்கினாள். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பார், அப்புறம் இருநூற்றெண்பதையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுவார். கிட்டங்கியில் இடமில்லையாம். குழுவின் பட்டியலில் வந்தால் மட்டும் தப்பும். பரிசே வேண்டாம், பட்டியலில் வந்தாலே போதும். பட்டியலில் வரும் நூல்களைச் சங்கம் நடத்தும் எண்பது படிப்பகங்களுக்கும் படிப்பகத்துக்கு மூன்று வீதம் எடுத்துக்கொள்கிறார்கள். கூடலூரிலிருந்து தேவாரம் வரை எல்லா ஊருக்கும் போகும்.

"என்ன சொன்னாக அண்ணே? கதை பிடிக்கலையாமா?"

ராக்கையா அட்டையைக் கொடுத்தார். அவள் படித்தாள்.

"சல்லடைன்னா?"

"அதைத்தேன் வெள்ளிக்கிழமை போய்ப் பாக்கப் போறேன்."

போடியில் குழுவின் அலுவலகம் ஒரு கிட்டங்கியின் மாடியில் இருந்தது. படியேறும்போதே ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறியது. செயலாளர் சுந்தரலிங்கம் வாசலுக்கே வந்து வரவேற்றார். முப்பத்தைந்து வருஷம் தரம் பிரிக்கும் மேற்பார்வையாளராக இருந்தவர். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

சல்லடை உண்மையிலேயே இருந்தது. மேஜை அகலத்துக்கு ஒரு தேக்குப் பலகை. நடுவில் ஒரு நீளப் பிளவு. நூலை முதுகு கீழே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, பிளவுக்கு மேலே கொண்டுபோய் விட வேண்டும். நின்றால் பட்டியல். விழுந்தால் கீழே ஒரு சாக்கு கட்டியிருந்தது, அதற்குள்.

"எட்டு மில்லிமீட்டர்," என்றார் சுந்தரலிங்கம். "உங்க நூல் சர்ருன்னு போயிருச்சு. தொடக்கூட இல்ல."

"ஐயா, அது குறுநாவல். மெலிசாத்தான இருக்கும்?"

"அதேன் பேர்லயே சொல்லிட்டாகளே, குறுன்னு. நாங்க என்ன பண்றது? முதல்ல கொஞ்சம் கனமாத்தேன் இருந்துச்சு. வால் எடுத்ததுல இன்னும் மெலிஞ்சிருச்சு."

"வாலா?"

"காய்க்குக் காம்பு, வால் எல்லாம் எடுத்துட்டுத்தேன தரம் பாப்போம். நூலுக்கு முன்னுரை, நன்றியுரை."

நன்றியுரையில் மகிமா யாருக்கு நன்றி சொல்லியிருந்தாளோ அவர்களெல்லாம் ஓரத்து டப்பாவில் கிடந்தார்கள்.

சல்லடையில் நின்ற நூல்கள் அலமாரியில் இருந்தன. மொத்தம் பதினேழு. அதில் பதினான்குக்குப் பச்சை அட்டை. பச்சை நிறத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு என்பது பதிப்பாளர்களுக்கு இரண்டாம் வருஷமே தெரிந்துவிட்டது. 'செவ்வாய்த் தொழிற்பேட்டை'யின் புதிய பதிப்பில் செவ்வாய்க் கிரகம் கொத்தமல்லி நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு நூலின் மேலும் ஈரப்பதம் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. கதையின் தரத்துக்கு அருகில் வரும் அளவு லிட்டர் எடைதான். ஒரு லிட்டர் படியில் கொள்ளும் காய் எத்தனை கிராம் என்று பார்ப்பது லிட்டர் எடை. உள்ளே விதை நிறைந்த காய் கனக்கும், விதையில்லாத சாவிக்காய் கனக்காது. நியாயமான சோதனை. நூல்களைப் படியில் போட முடியாததால், அப்படியே தராசில் வைத்தார்கள்.

கூட்டம் பதினோரு மணிக்குத் தொடங்கியது. ஏழு உறுப்பினர்கள், எல்லோரும் வியாபாரிகள். ராக்கையா எட்டாவது ஆள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வட்டத் தட்டு வைத்திருந்தார்கள். ஏலத்தில் மூட்டைக்கு ஒரு கை காயெடுத்துத் தட்டில் போட்டுச் சுற்றுக்கு விடுவார்கள். யாரும் மூட்டையை அவிழ்ப்பதில்லை. மாதிரியைப் பார்த்தே சரக்கைத் தெரிந்துகொள்வார்கள். இங்கேயும் அதே முறைதான். நூலின் நடுவில் கத்தியைச் செருகி, திறந்த இடத்தில் ஒரு தாளை எடுத்துத் தட்டில் வைத்திருந்தார்கள்.

"கிழிச்சிருக்கீகளே ஐயா," என்றார் ராக்கையா மெதுவாக.

"மாதிரி திருப்பித் தர்றதில்ல," என்றார் சுந்தரலிங்கம்.

தேவாரத்திலிருந்து வந்த உறுப்பினர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டிலிருந்த மூன்று தாள்களையும் வரிசையாகப் படித்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா இருக்குய்யா. படைத்தலைவன் ஆவேசமாப் பேசுறான். பேசி முடிச்சிட்டு பஸ்ல ஏறுறான். இறங்குனா செவ்வா கிரகம். அங்கன ரோபோ பூராம் டீக்கடை முன்னால நிக்கிது. என்னா வேகம்!"

"ஐயா, அது மூணு புத்தகம்," என்றார் ராக்கையா.

உறுப்பினர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "மூணா? அடடா. ஒண்ணா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

மூன்றையும் முழுதாகப் படித்திருந்த ராக்கையாவுக்கு அதை மறுக்க முடியவில்லை.

பிறகு தலைவர் கோட்டைச்சாமி எழுந்தார். பெரிய வியாபாரி. பேசுவதற்கு முன்னால் ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டார்.

"மத்த ஊர்ல பரிசு எப்படிக் கொடுக்குறாக? படிச்சுப் பாத்துக் கொடுக்குறாக. அதனாலதேன் அம்புட்டுச் சண்டை. ஒருத்தருக்குப் பிடிச்சது இன்னொருத்தருக்குப் பிடிக்கல. பேப்பர்ல திட்டிக்கிறாக, செல்போன்ல திட்டிக்கிறாக. நம்ம குழுவுல மூணு வருஷமா ஒரு சத்தம் கேட்டிருக்கா? கேக்காது. ஏன்னா நம்மள்ல யாரும் படிக்கல." கைதட்டல் எழுந்தது. அவர் கையமர்த்தினார். "படிச்சா ஒரு புத்தகம் மேல பாசம் வந்துரும். பாசம் வந்தா பாரபட்சம் வந்துரும். நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு நாவல்கூடப் படிச்சதில்லைங்கிறதை இந்த இடத்துல அடக்கத்தோட சொல்லிக்கிறேன். இந்த நடுநிலையைக் கடைசி வரைக்கும் காப்பாத்துவேன். விஞ்ஞானக் கதைக்கு விஞ்ஞான முறையில பரிசு கொடுக்குறது இந்தியாவுலயே நாமதேன்னு நினைக்கிறேன். விசாரிக்கல."

கைதட்டல் ஓய்ந்ததும் ராக்கையா எழுந்தார்.

"ஐயா, என்னை வாசகர் உறுப்பினராப் போட்டிருக்கீக. நான் கருத்துச் சொல்ற இடம் எதுங்க?"

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. கோட்டைச்சாமி செயலாளரைப் பார்த்தார். சுந்தரலிங்கம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார்.

"இருக்கு," என்றார் ஆச்சரியத்தோடு. "படிவம் ஏழு. வாசகர் கருத்து. யாரும் வாங்குனதே இல்ல. மறுசல்லடைக்கு ஒரு தடவை அனுமதி உண்டு. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை. அப்பக் கொண்டாந்தா நூலோட சேத்துத் தைச்சிரணும்."

"தைக்கணுமா?"

"மூட்டை வாயில சரக்குச் சீட்டைத் தைக்கிறோம்ல? தைச்சிட்டா சீட்டும் மூட்டைதேன். விதியில அப்படித்தேன் இருக்கு. கருத்து, தைத்தபின் நூலின் பகுதி." அலமாரிக்குப் பின்னாலிருந்து தூசி தட்டி ஒரு கட்டை எடுத்தார். நூல் அளவுக்கே வெட்டிய தாள்கள். "எத்தனை வேணும்? ஒண்ணு போதும்ல?"

"ரெண்டு குடுங்க. ஒண்ணு கெட்டுப்போனா ஆகும்."

புறப்படும் முன் ராக்கையா சட்டைப்பையிலிருந்து தன் வெர்னியரை எடுத்துச் சல்லடையின் பிளவை அளந்தார். அது அவருடைய பழக்கம். எந்த ஓட்டையைக் கண்டாலும் அளப்பார். பலகையில் எட்டு என்று பொறித்திருந்தது. ஆனால் மூன்று வருஷமாகத் தடித்த நாவல்கள் மோதி மோதி விளிம்பு தேய்ந்திருந்தது. எட்டு புள்ளி ஒன்று ஐந்து.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையில் உட்கார்ந்து, குழுவிடமிருந்து திரும்ப வாங்கி வந்த, வால் எடுத்த நூலை அளந்தார். செம்புக் கம்பியின் கனம் பார்க்கிற மைக்ரோமீட்டர் அவரிடம் உண்டு. 'முறை மேகம்' முதுகுப் பக்கம் ஆறு புள்ளி ஒன்பது மில்லிமீட்டர். ஒன்றேகால் மில்லிமீட்டர் குறைகிறது. பழுப்புத்தாளில் அட்டை போடலாமா? கூடாது, அது சாக்கோடு எடை போடுவது மாதிரி என்று விதி எட்டு சொல்கிறது. கனமான தாளில் மறுபடி அச்சடிக்கலாமா? பழைய பேப்பர் கடைக்கு ஆள் பார்த்து வைத்திருக்கும் பதிப்பாளரிடம் அதைக் கேட்க முடியாது. நூலை ஈரத்தில் வைத்தால் உப்பும். ஆனால் ஈரப்பதம் பார்க்கிறார்கள்.

அன்னத்தாய் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு.

"இன்னும் அதையேவா அளந்துக்கிட்டு இருக்கீக?"

"ஒன்னேகால் மில்லி பத்தல அன்னம்."

"மோட்டார்ல காயில் லூசா இருந்தா என்ன பண்ணுவீக?"

"காயில் உக்கார்ற ஸ்லாட்டுலயா? பேப்பர் வச்சு இறுக்குவேன்."

"அப்ப அதுலயும் பேப்பரை வைங்க. தைக்கச் சொல்லித்தேன குடுத்தாக?"

ராக்கையா டீயைக் கீழே வைத்தார். படிவத் தாளை மைக்ரோமீட்டரில் செருகினார். புள்ளி ஒன்று. ஆறு புள்ளி ஒன்பதோடு பன்னிரண்டு தாள் சேர்ந்தால் எட்டு புள்ளி ஒன்று. தேயாத சல்லடையில் அது நிற்கும். தேய்ந்த சல்லடைக்குப் பதிமூன்று வேண்டும்.

திங்கட்கிழமை சுந்தரலிங்கத்துக்குப் போன் செய்தார்.

"ஐயா, படிவம் ஏழு இன்னும் பதினொண்ணு வேணும்."

"பதினொண்ணா! எல்லாம் கெட்டுப்போச்சா?"

"இல்லைங்க. கருத்து கொஞ்சம் நீளமா இருக்கு."

"தாராளமா வாங்கிக்கிங்க. எண்ணிக்கை எதுவும் போடல. ஆனா ஒண்ணு, வெறுந்தாள் வைக்கக்கூடாது. அது கலப்படம். ஒவ்வொரு தாளும் நான் பாப்பேன். ஒரு பக்கந்தேன் எழுதணும், முழுசா எழுதணும்."

நூலகப் பதிவேட்டில் நாலு வரிக்கு மேல் எழுதியறியாத ராக்கையா, கருத்து எழுத உட்கார்ந்தார். முதல் தாள் எளிதாக ஓடியது.

"இந்தக் கதை இன்னும் ஐம்பது வருஷம் கழித்து நம் பள்ளத்தாக்கில் நடக்கிறது. மேற்கிலிருந்து மலை தாண்டி வரும் மேகத்தை ஊர் ஊராக முறை வைத்துப் பங்கிடுகிறார்கள், வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுவது மாதிரி. ஊருக்கு நாற்பது நிமிஷம். மலை உச்சியில் கம்பிகள் கட்டி, மின்சாரம் பாய்ச்சி மேகத்தைத் திருப்புகிறார்கள். அந்த ஸ்விட்ச் மொக்கம்மாள் என்ற பெண்ணின் பொறுப்பில் இருக்கிறது. கம்பி நனைந்தால் இன்சுலேட்டர் வழியாகக் கரண்ட் கசியுமே என்று நான் கேட்க வாயெடுத்தேன். 31ஆம் பக்கத்தில் மொக்கம்மாள் முந்தானையால் இன்சுலேட்டரைத் துடைக்கிறாள். எழுதியவர் எனக்கு முன்னால் அங்கே போய் நின்றிருக்கிறார்."

இரண்டாம் தாள் இப்படி இருந்தது: "சமீபத்தில் வந்த பெரிய நாவல்களில் கருவிகள் வானத்திலிருந்து விழுந்தவை போல இருக்கின்றன. யாரும் அவற்றுக்கு எண்ணெய் போடுவதில்லை. 'பேரண்டப் படைத்தலைவன்' 704 பக்கத்தில் ஒரு ஆள்கூட எதையும் துணியால் துடைக்கவில்லை. துடைக்காத கருவி ஓடாது, ஓடினாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. எதிர்காலத்திலும் ரிப்பேர் இருக்கும். அதைச் சொல்கிற கதை நிஜம் மாதிரி இருக்கிறது."

நாலாம் தாளில் கதையின் முடிச்சுக்கு வந்தார். மேகமுறைப் பட்டியலில் இல்லாத ஒரு குடியிருப்பு. அதன் மேலும் மேகம் நிற்கும்படி மொக்கம்மாள் ஒருநாள் ஸ்விட்சை அணைக்காமல் பதினோரு நிமிஷம் கூடுதலாக விட்டுவிடுகிறாள். அந்தப் பதினோரு நிமிஷத்தை ஆசிரியர் பத்தொன்பது பக்கம் எழுதியிருக்கிறார், ஒரு வரிகூட நீளமாகத் தெரியவில்லை என்று ராக்கையா எழுதினார். ஏழாம் தாளில் குறை சொன்னார். "61ஆம் பக்கத்தில் ஆறு மாதம் கிடந்த பம்புக்கு யாரும் தண்ணீர் ஊற்றாமல் ஸ்விட்ச் போடுகிறார்கள். தண்ணீர் ஏறாது. இது பெரிய தவறு."

ஒன்பதாம் தாளின் கடைசி வரியில் கருத்து தீர்ந்துவிட்டது. இன்னும் நாலு தாள் பாக்கி. சொன்னதையே மாற்றிச் சொல்லிப் பார்த்தார். நன்றாக இல்லை. "மிகவும் அருமை, மிக மிக அருமை" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, தனக்கே கூசிப்போய் அடித்தார்.

புதன்கிழமை மதியம் மகிமா வந்தாள். ஒன்பது தாளையும் அங்கேயே நின்று படித்தாள். நாலாம் தாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழாம் தாளில் திரும்பினாள்.

"அண்ணே, பம்பு தப்புன்னு எழுதியிருக்கீங்க."

"தப்புதேன்மா. பம்பை ஆறு மாசம் போட்டு வச்சா குழாயில காத்து நின்னுரும். தண்ணி ஊத்தி அதை வெளியேத்தாம எப்படி இழுக்கும்?"

"மேல உக்காந்திருக்கிற பம்புக்குத்தான அது? இது சப்மெர்சிபிள். தண்ணிக்குள்ளேயே கெடக்கு. அதுக்கு எதுக்கு ஊத்தணும்?"

"சப்மெர்சிபிள்னு நீ எழுதலையே."

"58ஆம் பக்கம். 'கிணற்றுக்குள் இறக்கிய மோட்டார்.' மோட்டார் கட்டுற ஆளுக்கே அதுக்கு மேலயும் சொல்லணுமா?"

ராக்கையா 58ஆம் பக்கத்தைத் திறந்தார். இருந்தது. உள்ளேயிருந்து அன்னத்தாயின் சிரிப்பு கேட்டது. அன்று கிட்டங்கியில் சரக்கு வரத்து இல்லாததால் அவள் வீட்டில் இருந்தாள்.

"ஏழாம் தாளைக் கிழிச்சிருங்கண்ணே," என்றாள் மகிமா.

"கிழிச்சா எட்டுதேன் இருக்கும். வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பத்தாம் தாளில் தன் தவறை ஒப்புக்கொண்டார். எந்த அவசரத்தில் அந்த வரியைத் தாண்டினார், தாண்ட வைத்தது கதையின் வேகமா தன் அகம்பாவமா என்று அலசினார். அது ஒரு தாளுக்குச் சரியாக வந்தது. பதினோராம் தாளில் மறுபடி படித்தபோது புதிதாகக் கண்ட ஒன்றை எழுதினார்: மொக்கம்மாள் கதை முழுக்கத் தான் செய்தது சரி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பன்னிரண்டில், இதையே 700 பக்கத்துக்கு நீட்டியிருந்தால் அவளைச் சொல்ல வைத்திருப்பார்கள், குறுநாவலுக்கு அந்த ஆபத்து குறைவு என்றார். பதிமூன்றாவது தாள் முழுவதும், கதை முடிந்தபிறகு அந்தக் குடியிருப்பில் எந்த வீட்டுக் கூரை முதலில் ஒழுகியிருக்கும் என்ற யோசனை. அதை ஏன் எழுதினார் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் அடிக்கத் தோன்றவில்லை.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை அன்னத்தாய் சாக்கு ஊசியால் தைத்துக் கொடுத்தாள். முதுகோரமாக, இறுக்கிக் கட்டாமல், தாள் அமுங்காத பக்குவத்தில் தைத்தாள். ராக்கையாவும் மகிமாவும் போடிக்குப் போனார்கள்.

சுந்தரலிங்கம் முதலில் தாள்களைச் சரிபார்க்க உட்கார்ந்தார். வெறுந்தாள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு புரட்டுப் போதும். ஆனால் அவர் முழுசாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர். வரி வரியாக விரலை ஓட்டினார். முதல் தாளுக்கு இரண்டு நிமிஷம் ஆனது. நாலாம் தாளில் விரல் நின்றுவிட்டது, உதடு மட்டும் அசைந்தது. பதிமூன்றும் முடிய அரைமணி நேரம். பிறகு எழுந்து, நூலை நிமிர்த்திப் பிடித்து, பிளவுக்கு மேலே கொண்டுபோய் விட்டார்.

நூல் அரை விரல்கடை இறங்குவது போல ஆடியது. மகிமா ராக்கையாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். நூல் நின்றது.

சுந்தரலிங்கம் பலகையைத் தட்டிப் பார்த்தார். விதிப்படி மூன்று தட்டு. அசையவில்லை. பட்டியலில் பதினெட்டாவது வரியில் 'முறை மேகம்' என்று எழுதி முத்திரை குத்தினார். படிப்பகங்களுக்கு இருநூற்று நாற்பது பிரதிகள் என்று மதுரைப் பதிப்பாளருக்குச் சீட்டு எழுதி மகிமாவிடம் கொடுத்தார். அவள் அதை அங்கேயே போட்டோ எடுத்துப் பதிப்பாளருக்கு அனுப்பினாள்.

அன்றைக்கே அறிவித்த அந்த வருஷத்துப் பரிசு 'பேரண்டப் படைத்தலைவ'னுக்குப் போனது. எடை ஒரு கிலோவைத் தொட்ட ஒரே நூல் அதுதான். கோட்டைச்சாமி அதை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

மகிமா முன்னால் படியிறங்கிப் போனபிறகு, சுந்தரலிங்கம் ராக்கையாவைக் கூப்பிட்டார். தலைவரின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ராக்கையா, அந்த மொக்கம்மாளை வேலையை விட்டுத் தூக்கிட்டாகளா? நீங்க அதை எழுதாம விட்டுட்டீகளே."

"உங்க கிட்டத்தேன் ஒரு பிரதி இருக்கே ஐயா."

"விதியில இடமில்லையே," என்றார் சுந்தரலிங்கம். சொல்லிவிட்டு நூலைப் பலகையிலிருந்து எடுத்து, அலமாரியில் வைக்காமல், தன் மேஜை டிராயருக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ராக்கையாவின் பட்டறைக்கு மூன்று எழுத்தாளர்கள் போன் செய்தார்கள். மூவரும் குறுநாவல் எழுதியவர்கள், மூவருடையதும் சல்லடையில் விழுந்திருந்தது. என்ன செய்தால் நிற்கும் என்று கேட்டார்கள். ராக்கையா மூவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். நூற்று இருபத்தெட்டுப் பக்கக் குறுநாவல் எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்க வேண்டுமானால், யாராவது ஒருவர் அதை முழுதாகப் படித்து, பதிமூன்று தாளுக்குக் குறையாமல் கருத்து எழுதி, முதுகோரமாகச் சேர்த்துத் தைக்க வேண்டும்.